எழுபத்தொன்று புள்ளி நான்கு

1

இந்தக் கதை எனக்கு வேலை செய்யும் இடத்தில் கிடைத்தது. 'கிடைத்தது' என்பது கொஞ்சம் நாகரிகமான சொல். எடுத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. குன்சான் என்ற துறைமுக ஊரில் ஒரு தொடக்கப்பள்ளிச் சமையலறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பக்கத்து அண்டாவில் சூப் கிண்டுகிறவள் பெயர் ஹேரான். நாற்பத்தேழு வயது. நான் அவளை அக்கா என்பேன். நான் கதை எழுதுவது தெரிந்த நாளிலிருந்து அவள் என்னை 'எழுத்தாளரம்மா' என்பாள். மரியாதைக்காக அல்ல.

ஏப்ரல் தொடக்கத்தில் ஹேரான் அக்காவின் எடை எழுபத்தொன்பது கிலோ. ஜூன் நடுவில் எழுபத்தொன்று புள்ளி நான்கு. இன்று ஜூலை நடுவில், செவ்வாய்க்கிழமை, அதே எழுபத்தொன்று புள்ளி நான்கு. முப்பத்தொரு நாளாக முள் அசையவில்லை. (முள் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அது எண் காட்டும் தராசு.)

ஏழரைக் கிலோ குறைத்ததுதான் கதை, நின்றுபோனது வெறும் இடைவேளை என்று முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது தலைகீழ் என்று புரிந்தது.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

"ஹேரான் தராசில் ஏறியபோது வெளியே மழை—"

மழை பெய்யவில்லை. யாருக்காவது மனசு சரியில்லை என்றால் உடனே மழையைக் கூப்பிட்டுவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

"உடன்பிறந்தவனுக்காகத் தன் ஈரலையே அறுத்துத் தரத் துணிந்த ஒரு தங்கையின்—"

சினிமாச் சுவரொட்டி. அக்கா படித்தால் கரண்டியாலேயே அடிப்பாள்.

"ஒரு பெண்ணுக்கு எடை குறையவில்லை."

இது நிற்கிறது. ஆனால் இதோடு விட்டால், யாருக்குத்தான் குறைகிறது என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் அண்ணன் ஜோங்மானுக்கு ஐம்பத்து நான்கு வயது. படகு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். முப்பது வருடம் சோஜு சாராயம் குடித்துக் கல்லீரல் சுருங்கிப்போனது. குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை, அம்மா அப்பா இல்லை, இருப்பது ஒரே தங்கை. அவளுடைய ஈரலில் ஒரு பகுதியை வெட்டி அவருக்கு வைக்கலாம், பொருந்துகிறது, ஆனால் அதில் கொழுப்பு ஏறியிருக்கிறது.

"எழுபதுக்குக் கீழ வாங்க. அப்புறம் ஈரலைப் படம் எடுத்துப் பார்க்கலாம்" என்றார் சியோலில் இருக்கும் மருத்துவர். கெடு ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை. அதற்குமேல் அண்ணனுக்குத் தாங்காது என்று அவர் வாயால் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார், அவ்வளவுதான்.

3

எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது பட்டினி அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒவ்வொரு காலையும் தராசு முதுகில் தட்டிக்கொடுக்கிறது. நின்றுபோன பிறகுதான் பட்டினி வெறும் பட்டினியாகிறது. அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பன்றி விலா வேகும் அறையில் நின்றுகொண்டு, அக்கா ஒரு அவித்த முட்டை, அரை சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு வெள்ளரிக்காய் தின்பாள். சூப்பில் உப்பு பார்த்தால் தொட்டியில் துப்பிவிடுவாள். வேலை முடிந்ததும் நாலரை மணிக்கு ஏரிக்கரையில் இரண்டு சுற்று. சாப்பிட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். கடித்த மிளகாயைக்கூட எழுதுவாள்.

எடை நின்ற பதினேழாம் நாள் உடை மாற்றும் அறையில் நோட்டைத் தூக்கி எறிந்தாள். அது என் ரப்பர் பூட்ஸுக்குள் விழுந்தது.

"குடிச்சது யாரு? அவன். தின்னாம கிடக்கிறது யாரு? நான். இது எந்த ஊர் நியாயம்டீ?"

"இன்னும் ஒரு வாரம் பாருக்கா. உடம்பு கொஞ்சம் அடம்பிடிக்குமாம். அப்புறம் தானா இறங்கும்னு படிச்சேன்."

"படிச்சியா? நீ படிச்சதை என் இடுப்புகிட்ட சொல்லு."

அழுதாள். அழுதுகொண்டே பூட்ஸுக்குள் கையை விட்டு நோட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. எடை நிற்பதையும் எழுத்து நிற்பதையும் ஒப்பிட்டு அழகாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு எழுத்து நின்றால் யாரும் சாகப்போவதில்லை.)

4

அடுத்த சிக்கல் ஜோங்மான். என் முதல் பிரதியில் அவர் ஒரு தண்டம். தங்கை பட்டினி கிடக்க, இவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு கிடக்கிறவர். கதைக்கு வசதியான ஆள். அந்தப் பிரதி என் பையில் இருந்த ஒரு நாள், நிஜ ஜோங்மான் பள்ளி வாசலில் வந்து நின்றார். ஜூன் நடுவில் ஒரு மாலை. முகம் மஞ்சள், கால் வீக்கத்தால் செருப்பில் பாதிதான் நுழைந்திருந்தது, கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி.

"என்னண்ணே இது?" என்றாள் அக்கா.

"கருப்பாட்டுச் சாறு. நானே போய்ப் பக்கத்துல உக்காந்து காய்ச்சி வாங்கினேன். விட்டா தண்ணி கலந்துடுவானுங்க."

"நாள் பூராவா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"கத்தி வைக்கப்போற உடம்பு. தெம்பு வேணாமா? ஒரு நாளைக்கு மூணு பொட்டலம். மறக்காதே."

"எனக்குச் செய்யறதை விட்டுட்டு உன் உடம்பைப் பாரு."

"உனக்கு நான் என்னத்தைச் செஞ்சிருக்கேன்?" என்றார் அவர். அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அன்று இரவே அந்தத் தண்டத்தைக் கிழித்துப்போட்டேன். அறுவைக்குப் போகிறவருக்குக் கருப்பு ஆட்டை மூலிகையோடு காய்ச்சிய சாறு தருவது இங்கே எல்லார் வீட்டிலும் நடப்பது. நல்லது செய்ய அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

5

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது. எழுத்தாளர் எல்லாம் அறிந்தவர் என்பார்கள். இந்த எழுத்தாளர் பார்த்துக்கொண்டே இருந்தார், அறியவில்லை.

காலையில் ஒரு சாறுப் பொட்டலம், மதியம் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. பல்லால் கிழித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். என் கண் முன்னால்தான். எனக்கே இரண்டு தந்தாள், குடித்தேன்.* அந்தப் பெட்டி வந்த வாரம்தான் எடை நின்றது என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

ஏனென்றால், சாப்பாட்டு நோட்டில் அவள் அதை எழுதவில்லை. அது சாப்பாடு இல்லையே, உடம்புக்குத் தெம்பு. ஆஸ்பத்திரித் தாளில் 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்ற இடத்திலும் எழுதவில்லை. அது மருந்து இல்லையே, ஆட்டுச் சாறு. மிளகாயைக்கூட எழுதியவள், நாளுக்கு மூன்று பொட்டலத்தை இரண்டு தாளுக்கும் நடுவில் தொலைத்துவிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டார். அக்காவின் கையில் மாவு, நான்தான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன்.

"ரத்தத்துல ஈரல் அளவெல்லாம் ஏறியிருக்கு. சாறு, கஷாயம், லேகியம் ஏதாவது குடிக்கிறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஆட்டுச் சாறு மட்டும்..."

எதிர்முனையில் நர்ஸ் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "உடனே நிறுத்துங்க. ஒரு வாரம் கழிச்சு ரத்தம் குடுங்க. இறங்கலைன்னா ஆபரேஷன் தேதி போயிடும்."

அண்ணனின் நாள் பூராப் பாசம் தங்கையின் ஈரலைத்தான் போய்க் கடித்திருக்கிறது.

_____
* ருசி கேட்பீர்கள். பேரீச்சம்பழமும் ஈரத்துணியும்.

6

அவரிடம் யார் சொல்வது என்று ஒரு அத்தியாயம் திட்டமிட்டேன். தேவைப்படவில்லை. அக்கா அன்று மாலையே அவரை ஏரிக்கரைக்கு வரச்சொல்லிப் போட்டு உடைத்தாள். நானும் கூட இருந்தேன், இருந்திருக்க வேண்டாம் என்று பட்டது.

ஜோங்மான் பெஞ்சில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்தார்.

"நல்லது செய்யலாம்னு போனா அதுலயும் விஷம். போதும் ஹேரான். விட்டுடு. எனக்கு வேணாம்."

"என்ன வேணாம்?"

"உன் ஈரலு. நான் இப்படியே போறேன்."

"போவியா?" அக்காவின் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். "மூணு மாசமா முட்டையும் வெள்ளரிக்காயும் தின்னு நாக்கு செத்துப்போச்சு. இப்ப வந்து பெரிய மனுசன் மாதிரி வேணாங்கிறியா? வேணாம்னு சொல்ல உனக்கு என்ன உரிமை இருக்கு? வாங்கிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"எடைதான் இறங்கலையே."

"இறங்கலை. அதுக்கு?"

அக்கா எழுந்து நடந்தாள். ஒரு முழுச் சுற்று முடித்து வந்தபோது அவர் அந்தப் பெஞ்சில் இல்லை. நான் பயந்துவிட்டேன். அடுத்த பெஞ்சில் இருந்தார். அந்த நாற்பது தப்படியை நடந்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவது சுற்று முடிப்பதற்குள் அதற்கடுத்த பெஞ்சுக்குப் போயிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். அவள் இரண்டு சுற்றை மூன்றாக்கினாள். அவர் இரண்டு பெஞ்சை மூன்றாக்கினார். தினமும் கட்டிலை விட்டு இறங்க அக்காவுக்கு எது தெம்பு தருகிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பெஞ்சுகளைத்தான் காட்டுவேன்.

ஒரு வாரத்தில் ரத்தம் சரியாகிவிட்டது. எடை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. பொட்டலத்தை நிறுத்தியதும் எண் சரசரவென்று இறங்கியது என்று எழுதினால் கதை எவ்வளவு ஒழுங்காக இருக்கும். இறங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

7

நாளை கதையைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். நாளை மறுநாள் வியாழன். ஆகவே முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். இன்று மதியம், பாத்திரம் கழுவி முடித்த பிறகு, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் தராசு அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது காட்டுகிறது. நர்ஸ் கைதட்டுகிறார்.

"நீ சொன்ன நம்பரைக் காட்ட, தராசு என்ன உன் மாமியார் வீட்டுதா?" என்றாள் அக்கா.

இரண்டாவதில் எடை குறையவே இல்லை, ஆனால் படத்தில் ஈரல் சுத்தமாக இருக்கிறது. நடந்தது வீண் போகவில்லை. (இது நடக்கக்கூடியது என்று நர்ஸே சொன்னார். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.)

அக்கா துடைத்த அண்டாவையே மறுபடி துடைத்தாள்.

மூன்றாவதில்—

"அதைப் படிக்காதே" என்றாள்.

படிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

"அப்ப நான் எப்படித்தான் முடிக்கிறது?"

அண்டாவை வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "எப்படியோ முடி. ஆனா என்னை ஒல்லியா எழுதாதே. தின்னாம கிடந்தது, அவன்கிட்ட கத்தினது, தினம் தினம் நடந்தது எல்லாம் இந்த எழுபத்தொன்னு புள்ளி நாலுதான். வேற எவளோ ஒல்லியா வந்து கடைசியில பேரு வாங்கிட்டுப் போறதா?"

இத்தனை நாளாக அந்த எண்ணை அவளுடைய தோல்வியாகத்தான் எழுதிவந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மூன்று முடிவையும் சேர்த்து அடுப்புக்குப் பக்கத்துக் குப்பையில் போட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் படிக்கும்போது அந்த வியாழக்கிழமை போயிருக்கும். உங்களுக்கு வேண்டிய எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மனசோடு போடுங்கள். நான் பார்த்தவரை அவள் எழுபத்தொன்று புள்ளி நான்கு, அவர் மூன்று பெஞ்சு.

மணி நாலரை ஆகிவிட்டது. அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்துகிறாள்.

"எழுத்தாளரம்மா! நடக்க வர்றியா, இல்ல என்னை வெச்சு எழுதிக்கிட்டே இருக்கப்போறியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வாக்கியத்தைப் பிறகு வந்து