மாஸ்டரின் பிரேக்

'டப்' என்று ஒரு சத்தம். மாஸ்டரின் காலடியில் இருந்த பிரேக் பெடல் உயிர் போனது மாதிரி தரையோடு சாய்ந்தது.

டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் இவர் மிதித்துக் காப்பாற்றலாம். அந்த பிரேக்கின் கேபிள்தான் அறுந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவள் மாஸ்டரின் மனைவி. பின்னால் ஒரு பஸ் முதுகில் ஏறாத குறையாக வந்துகொண்டிருந்தது.

"ஓரங்கட்டு. என் பிரேக் போயிடுச்சு."

"என்னோடது நல்லாத்தானே இருக்கு? இங்க நிறுத்தினா பஸ்காரன் நம்ம ரெண்டு பேர் பரம்பரையையும் இழுப்பான். பேசாம வாங்க."

மாஸ்டருக்கு வியர்த்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத்தந்தவர் அவர். பல் டாக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் அவரிடம் படித்துத் தேறிவிட்டார்கள். மனைவிக்கு மட்டும் வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கால் முந்திக்கொண்டு அழுத்தும். வண்டி குலுங்கி, எஞ்சின் அணைந்துபோகும். நான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பெருமூச்சு விடுவார்.

வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருந்ததில்லை. மகள் ஓவியம் படிக்க ஆசைப்பட்டபோது பிரேக்கில் ஒரு மிதி. தம்பி சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்றபோது ஒரு மிதி. கேட்டால் அக்கறை என்பார்.

இப்போது மனைவியின் முறை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை அவளைத் தேடி வந்திருந்தது. தினமும் காரில் போய்வர வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். முதலில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம் என்று மாஸ்டர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

சந்திலிருந்து ஒரு சைக்கிள், கேரியர் நிறைய ரொட்டிக் கூடையோடு குறுக்கே பாய்ந்தது. மாஸ்டர் முழு பலத்தோடு மிதித்தார். ரப்பர் பாய்தான் மிதிபட்டது. ஆனால் கார் அதற்கு முன்பே வேகம் குறைந்து, பூனை நடப்பது போல மெதுவாகி, சைக்கிளுக்கு வழிவிட்டிருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. அவள் கியரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும் என்று ஏதோ பேசிக்கொண்டே போனாள்.

அவர் காதில் அது ஏறவில்லை. இத்தனை வருடமாக வண்டியைக் குலுக்கியது யார்? எஞ்சினை அணைத்தது யார்?

கார் பழைய சினிமா கொட்டகைச் சரிவில் இறங்கியது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பர்னிச்சர் கடை. கல்யாணமான புதிதில் இந்தச் சரிவின் உச்சியில்தான் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். இருவருக்கும் ஒரு சைக்கிள். ஒரு மழைநாளில் பாதிச் சரிவில் பிரேக் வயர் அறுந்துபோக, அவர் ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு, "பயமா இருக்குடி, நீ பார்த்துச் சொல்லு" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அவள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடது, வலது என்று வழி சொன்னாள். கடைசியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தார்கள். எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் மணல் ஒட்டியிருந்த அவள் முகம் அவருக்கு இப்போதும் அப்படியே தெரிந்தது.

பயமாக இருக்கிறது என்று கூச்சமில்லாமல் கத்திய அந்த ஆள் எங்கே போனான்? பயந்து நடுங்கி வருகிறவர்களுக்குக் கற்றுத்தர, பயமே தெரியாத ஒரு முகம் தேவைப்பட்டது. அதை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் வந்தும் கழற்ற மறந்துவிட்டார். அந்த முகத்தைத்தான் மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

மெல்ல இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க இது, பந்தியில உட்கார்ந்த மாதிரி?"

"கீழ இருந்தா இந்தக் கால் சும்மா இருக்காது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "எனக்கு பயமா இருக்கு."

"நான் ஓட்டுறதைப் பார்த்தா?"

"ஆமா. நல்லா ஓட்டுறியே, அதான். நீயே ஓட்டிக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

தெரு வந்தது. வீட்டு வாசலில் ஒரு வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் பின்னோக்கி ஒரே மூச்சில் காரை நுழைத்து நிறுத்தினாள். மாஸ்டரே இரண்டு முறை முன்னே பின்னே போய்த்தான் அங்கே நிறுத்துவார்.

வேலைக்கு வருகிறேன் என்று இப்போதே போன் பண்ணிவிடு என்றார் அவர். லைசென்ஸ் டெஸ்டுக்கு நாளைக்கே தேதி வாங்கிவிடலாம், தானே கூட்டிப்போகிறேன், கூட்டத்தில் தள்ளி நின்று பார்க்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்றார்.

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க. சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பீங்களா?"