நான்காம் தடத்தில் மூன்றாவது குண்டு

பட்டாபிராம் பக்கத்து ரைபிள் கிளப்பில் அன்று மாவட்டப் பிஸ்டல் போட்டி. சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரியாக சுலோசனாவுக்கு அதுதான் முதல் பொறுப்பு. திருச்சியிலிருந்து மாற்றலாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து நான்கு வருடமாகிறது. பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை.

கடைசிச் சுற்று. இருபது நொடியில் ஐந்து குண்டு சுட வேண்டும். நான்காம் தடத்தில் நின்ற எத்திராஜ் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மூன்று வருடமாகத் தங்கம் அவருக்குத்தான். இந்த முறையும் அவரே முன்னால் இருந்தார்.

அவருடைய முதல் இரண்டு குண்டுகள் படீரென்று வெடித்தன. மூன்றாவது 'டொப்' என்று அடங்கிப்போனது. காதில் மாட்டியிருந்த ஒலித்தடுப்பையும் மீறி சுலோசனாவுக்கு அந்த வித்தியாசம் கேட்டது. துப்பாக்கி அவர் கையில் உதைக்கவேயில்லை. எத்திராஜோ நேரம் போகிற அவசரத்தில் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். விரல் விசைக்குப் போனது.

சுலோசனா விசிலை ஊதினாள். "நிறுத்துங்க! யாரும் சுடாதீங்க!"

எத்திராஜ் முகம் சிவந்தது. "இன்னா மேடம், டைம் ஓடிக்கினு கீது, நடுவுல விசில் ஊதுறீங்க?"

"விசையிலருந்து விரலை எடுங்கண்ணே. குழல் இலக்கைப் பாத்தபடியே இருக்கட்டும்."

"அதெல்லாம் குண்டு போயிருக்கும்."

"போயிருந்தா துப்பாக்கியைத் திருப்பி உங்க கையில கொடுத்துடுறேன்."

அரை நிமிடம் பொறுத்து, அவரையே தோட்டாக்களைக் கழற்றவைத்தாள். பிறகு ஒரு பித்தளைக் கம்பியைக் குழலின் வாய் வழியாக மெல்ல நுழைத்தாள். பாதியில் முட்டி நின்றது. தோட்டாவில் வெடிமருந்து போதாமல் குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் அவர் கையிலேயே வெடித்திருக்கும்.

எத்திராஜ் கம்பியையே பார்த்தார்.

சுலோசனா அதோடு விடவில்லை. எத்திராஜின் தோட்டாப் பெட்டியில் இருந்த அதே தொகுதி எண் போட்ட பெட்டிகளை எல்லோரும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். ஏழு பேரிடம் அவை இருந்தன. கிளப் செயலாளர் பார்த்தசாரதி ஓடிவந்தார்.

"பரிசு கொடுக்க வந்தவங்க காத்திருக்காங்கம்மா. ஒரு தோட்டா சரியில்லன்னா எல்லாத்தையுமா?"

"ஒண்ணு இப்படின்னா இன்னொண்ணு எப்படின்னு எனக்குத் தெரியாது சார். தெரியாம ரேஞ்சைத் திறக்க மாட்டேன். மாத்தணும்னா முதல்ல என்னை மாத்துங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். எத்திராஜ்தான் முதலில் தன் பெட்டியை மேசைமேல் வைத்தார். "மேடம் சொல்றது கரெக்ட்டு நைனா. கொண்டாந்து வைங்கப்பா."

வேறு தோட்டாக்கள் வந்துசேர இரண்டு மணி நேரமானது. பரிசு கொடுக்க வந்த விருந்தினர் போய்விட்டார். இரவல் பிஸ்டலில் அந்தச் சுற்றை மறுபடி சுட்ட எத்திராஜுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. தங்கம் கொரட்டூர் கவிப்பிரியாவுக்குப் போனது.

எத்திராஜ் வெள்ளிப் பதக்கத்தோடு சுலோசனாவிடம் வந்தார். "அடுத்த மாசம் போட்டிக்கும் நீங்கதானே மேடம்?"

"கூப்பிட்டா வருவேன்."

"கூப்பிடலைன்னா நான் கேப்பேன்" என்றார் அவர்.