அறுநூற்று நாற்பதாவது மீட்டர்

காலை ஏழு இருபதுக்கு இயந்திரம் நான்காவது நாளாகக் கத்தியது. வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு பார்க்க வருகிறது. அதற்குள் இதன் வாயை அடைக்க வேண்டியது ஜோஸ்லினின் தலைவிதி.

ஆய்வுக்கூட மொட்டைமாடியில் நிற்கும் அந்த இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைக் காற்றில் அனுப்பும். வெறும் மண்தூசியில் பட்டால் ஒளி அப்படியே திரும்பும். கிருமி, பூஞ்சை என்று உயிர்களிலிருந்து வந்த துகளில் பட்டால் நிறம் மாறித் திரும்பும்; உடனே இயந்திரம் எச்சரித்துக் கத்தும். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதையும் சொல்லிவிடும். டெல்லித் தூசியில் அது குழம்பித் தொலையும் என்று ஆபீஸில் பாதிப் பேர் ஆசையோடு காத்திருந்தார்கள்.

பொய் எச்சரிக்கை என்று எழுதி முடிக்கச் சொன்னார் பிரிவுத் தலைவர். ஜோஸ்லினுக்கு மனம் ஒப்பவில்லை. தினமும் அதே அறுநூற்று நாற்பது மீட்டர். மறுநாள் நடந்தே போய்ப் பார்த்தாள்.

ஒரு ரவுண்டானா. ஓரத்தில் சோளம் விற்பவர் கடை விரித்திருந்தார். தரையெல்லாம் புறாக்கள். ஏழு இருபதுக்கு ஒரு பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துத் திரும்ப, அத்தனையும் ஒன்றாக எழும்பின. காய்ந்த எச்சம் புகையாகக் கிளம்பியது. அதன் நடுவில் இருமிக்கொண்டே சோளம் இறைத்தவர் அவளுடைய அப்பா அடைக்கலசாமி.

வாக்கிங் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். ஒரு வருட இருமல். மூன்று டாக்டர்கள் டெல்லிக் காற்றைத் திட்டி சிரப் எழுதியிருந்தார்கள்.

“அப்பா, இந்தத் தூசி நுரையீரலையே கெடுத்திரும். இனிமே வராதீங்க.”

“நான் வரல்லைன்னா இதுவளுக்கு ஆரு மக்ளே போடுவா? உங்கம்மை போன பொறவு என்னைய எதிர்பாத்து நிக்கது இதுவ மட்டுந்தான்.”

அது அவளுக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை அனுமதிச் சீட்டு வாங்கி அவரை மொட்டைமாடிக்கு அழைத்து வந்தாள். கையில் சோளப் பையோடுதான் வந்தார். திரையில் கோடு படுத்துக் கிடந்தது. ஏழு இருபதுக்கு விறுவிறுவென்று ஏறியது. இயந்திரம் கத்தியது.

“இது என்னது?”

“புறா எச்சம்ப்பா. நீங்க தினமும் நின்னு மூச்சு விடுற இடம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

“நான் இங்கல்லா நிக்கேன். அப்பம் இன்னைக்கு ஆரு போட்டது?”

“யாராவது போட்டிருப்பாங்க.”

அவள் குறிப்பேட்டில் ‘உண்மை எச்சரிக்கை’ என்று எழுதினாள். கோடு இறங்க ஆறு நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் பையைக் கீழே வைக்கவில்லை.