பதிவில் இருந்த பெயர்

போலீஸ் ரோந்து வண்டிக்குள் கேமரா இருக்கிறது என்பது சுந்தரம்மாளுக்கு மகனின் பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் தெரியவந்தது. அவள் தம்பி பாண்டியராஜ் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னான். ஈஸ்வரனைத் தாடிக்கொம்புப் பக்கமிருந்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த வண்டியின் டிரைவரை அவன் டீக்கடையில் பார்த்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானதால் தங்கள் வண்டியிலேயே தூக்கிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களாம்.

"ரோட்டப் பாத்து ஒண்ணு, பின் சீட்டப் பாத்து ஒண்ணுன்னு கேமரா மாட்டிருக்காகளாம்க்கா. பேசுறதும் சேந்து பதிவாகுமாம். நம்ம ஈஸ்வரன் வழியெல்லாம் பேசிக்கிட்டுத்தான் வந்தானாம்."

"என்ன பேசுனான்?"

அது டிரைவருக்குத் தெரியவில்லை. கண் ரோட்டிலும் காது வயர்லெஸ்ஸிலும் இருந்ததாம்.

சுந்தரம்மாள் அதுவரை அவன் அடிபட்ட இடத்திலேயே போய்விட்டான் என்றுதான் நினைத்திருந்தாள். இருபத்தொன்பது வயது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். பகல் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகையில் ஏதோ ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் அவனைப் பார்த்தபோது மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். இப்போது, அதற்கு முன்னால் அவன் பேசியிருக்கிறான் என்கிறார்கள். அவன் பேசிக்கொண்டு வந்த அந்த நேரத்தில் அவள் வீட்டில் வெஞ்சனத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டிவி கூட ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். அந்தப் பேச்சைக் கேட்டுவிட வேண்டும். லாரிக்காரனைப் பிடித்தார்களா என்று யாராவது விசாரித்தால் கூட அவளுக்குக் காதில் ஏறவில்லை.

முப்பத்தோரு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனு எழுத யாரிடமும் போகவேண்டியதில்லை. கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி எடுத்துக்கொண்டு, வண்டிகளின் வீடியோவைச் சேமித்து வைக்கும் பதிவுப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இறந்தவர் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதச் சொன்னார். ஈஸ்வரன், த/பெ நாச்சிமுத்து என்று எழுதினாள். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். வேறு ஈஸ்வரன்கள் இருந்தார்கள். ஒருவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், ஒருவன் மணல் ஏற்றியவன். அவள் ஈஸ்வரன் இல்லை. அந்தச் சாலைக்கான ரோந்து வண்டியின் பதிவுகளையும் பார்த்தார். அந்த வண்டி அன்று பணிமனையில் நின்றிருக்கிறது. வேறு வண்டி போயிருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

பாண்டியராஜ் மறுபடி டீக்கடைக்குப் போய் டிரைவரைப் பிடித்தான். எத்தனையாம் நம்பர் வண்டி என்று கேட்டதும் அவர் நழுவிவிட்டார். மேலதிகாரி கேட்டால் சொல்கிறேன், நானாக வாய் திறந்தால் எனக்குத்தான் வினை என்றாராம்.

இரண்டாம் மனு கொடுத்தாள். மூன்றாம் மனுவும் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அதே பெயரை, அதே முத்து முத்தான எழுத்தில் எழுதினாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்றே பதில் வந்தது. டிரைவர் ஏதோ ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார், விட்டுவிடு அக்கா என்று பாண்டியராஜே சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவள் விடவில்லை.

அவன் போன தொண்ணூற்று நான்காம் நாள் காலையில் போன் வந்தது. ரஃபி என்ற போலீஸ்காரர் பேசினார். பயிற்சிக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் பதிவுப் பிரிவுக்குத் திரும்பியிருக்கிறார். மேஜையில் கிடந்த மூன்று மனுக்களையும் படித்திருக்கிறார். ஒருதரம் நேரில் வரமுடியுமா என்று கேட்டார். உடனே கிளம்பிப் போனாள்.

பெயரை வைத்து ரஃபி தேடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நேரத்தை வைத்து, அந்த நேரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலுக்கு எந்த வண்டியெல்லாம் வந்தது என்று பார்த்திருக்கிறார். ஒரு வரி கிடைத்தது. திரையைச் சுந்தரம்மாள் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். தேதி. நேரம். மாற்று வண்டியின் எண். இருபத்திரண்டு நிமிடம். வழக்கு எண் என்ற இடம் காலியாக இருந்தது.

"வழக்கு எண் சேக்காத பதிவு தொண்ணூறு நாள்தாம்மா இருக்கும். பெறகு அதுவா அழிஞ்சிரும். இது போய் நாலு நாளாச்சு. இந்த வரி மட்டுந்தான் மிச்சம்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா ஆள் பேருன்னு வேற பேரு இருக்கு. அதான் இது ஒங்க மகன்தானான்னு கேக்கக் கூப்புட்டேன். பொம்மையன்னு யாரும் தெரியுமாம்மா?"

சுந்தரம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகும் அது அதே பெயராகத்தான் இருந்தது.

அது குலசாமி பெயர். அவள் புருஷன் நாச்சிமுத்து, பிறந்த குழந்தையின் காதில் சொன்ன பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் ஈஸ்வரன் ஆனான். பத்தாவது படிக்கையில் ஒருநாள் கூட்டாளிகளோடு வாசலில் நின்றவனைப் பொம்மையா என்று அவள் கூப்பிட்டுவிட்டாள். பையன்கள் சிரித்தார்கள். அன்று அவன் சோறு உண்ணவில்லை. இனிமேல் அந்தப் பேரை வெளியாள் முன்னால் சொல்லவே கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். நாச்சிமுத்தும் போய்ச் சேர்ந்த பிறகு, கதவைச் சாத்திய வீட்டுக்குள் அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சத்தியத்தை ஒருநாளும் மீறியதில்லை. மனுவிலும் மீறவில்லை.

அங்கன்வாடியில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதிவேட்டில் கவிதா என்று இருக்கும் பிள்ளையைத் தாய் சின்னப்பாப்பா என்று தேடிவந்து நிற்பாள். அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவுப் பெயருக்குப் பக்கத்திலேயே வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிவைப்பது அவள் வழக்கம். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி எழுதியிருப்பாள்.

"எம்மகன்தான்யா" என்றாள்.

இந்தப் பேரையும் முதல் மனுவிலேயே சொல்லியிருந்தால் என்று தொடங்கிய ரஃபி பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. அவள் அதற்குள் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டிருந்தாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்று அந்த வண்டியில் கூட வந்து பெயரைப் பதிவு செய்த ஏட்டம்மா ஆனந்தி இப்போது நத்தத்துக்கு மாறுதலாகிப் போயிருக்கிறார் என்று சொல்லி, அவரே போன் பண்ணி விவரமும் சொல்லிவைத்தார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே பஸ் ஏறி நத்தத்தில் இறங்கினாள்.

ஆனந்திக்கு நாற்பது வயது இருக்கும். பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டிக்காரி. சுந்தரம்மாளைக் கண்டதும் ஸ்டேஷன் வாசலில் இருந்த புளியமரத்தடிக்குக் கூட்டிவந்து, சிமென்ட் பலகையில் தானும் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே பெயரைப் பதிந்துவிட்டு, டியூட்டி முடிந்து அவள் போயிருக்கிறாள். வழக்கை எழுதியவர்கள் சட்டைப்பையில் இருந்த ஆதாரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று யாரும் சேர்த்துவைக்கவில்லை. அது இன்று ரஃபி சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்று ஆனந்தி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது போகட்டும் தாயி. அவன் என்ன பேசுனான்?"

"தலை என்ர மடியில இருந்துச்சுங்கம்மா. தண்ணி கேட்டாருங்க. குடுக்கப்படாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதனால ஒதட்ட மட்டும் நனைச்சு உட்டேன். கண்ண மூட உடப்படாதுன்னு பேரக் கேட்டுட்டே வந்தேன். மொதல்ல பேசவே இல்லீங்க. மறுக்காக் கேட்டதுக்கு, பொம்மையன்னாரு. அப்பறம் லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சுங்க. தெரியாத மாதிரி கேக்குறியேம்மான்னாரு."

சாலையில் மாங்காய் ஏற்றிய வண்டி ஒன்று போனது. அது போய் மறையும் வரை சுந்தரம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"தெரியும் சாமி, சும்மாதான் கேட்டேன்னு சொன்னேனுங்க." ஆனந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன நெனச்சு அப்படிச் சொன்னேன்னு தெரீலீங்க. வாயில வந்துருச்சு."

"சரியாத்தான் சொல்லியிருக்க."

அதற்கப்புறம் அவன் பேசவில்லையாம். ஆஸ்பத்திரி வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்ததாம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுந்தரம்மாள் அவளிடம் ஒன்று கேட்டாள். அவனிடம் எப்படிக் கேட்டாளோ அதே மாதிரி, அதே குரலில், ஒருதரம் கேட்டுக்காட்ட முடியுமா என்று. ஆனந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். யூனிஃபார்மில் இருந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் நின்றார்கள். பிறகு குனிந்து, மடியைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"கண்ணு, தூங்கப்படாது சாமி. உம்பேரென்ன, சொல்லு."

சுந்தரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கட்டைக் குரல், பழனிப் பக்கத்து இழுவையோடு. எந்த இடத்திலும் அது அவள் குரல் மாதிரி இல்லை. அவள் அவனை அப்பு என்று கூப்பிட்டிருக்கிறாள், ஏலே என்று கூப்பிட்டிருக்கிறாள், கோபம் வந்தால் நாயே என்று கூடக் கூப்பிட்டிருக்கிறாள். கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது அவர்கள் வீட்டில் புழங்குகிற வார்த்தையே இல்லை.

"இன்னொருக்காக் கேளு தாயி" என்றாள்.

ஆனந்தி கேட்டாள்.