கேட்பதற்கு ஐந்து பேர்

முதியோர் இல்லத்து ஊழியர் அறையில், கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு டார்லா தலைகளை எண்ணினாள். நான்கு. எத்தனை தடவை எண்ணினாலும் நான்குதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய ஜோலீன், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சலவை அறைப் பெண்கள் இரண்டு பேர், தரை துடைக்கிற ஆலன். ஐந்தாவது ஆளாக வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்த சமையல்காரர் டுவெய்ன், மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குப் பனியைக் கண்டு என்ன பயமோ.

"இருக்கிறவங்களை வச்சு எடுத்து அனுப்புடி. அந்த வாத்தியார் என்ன, உட்கார்ந்து தலை எண்ணவா போறாரு?" என்றாள் ஜோலீன்.

"எண்ணுறாரு. ஞாயித்துக்கிழமை வீட்ல மூணு பேரை வச்சு எடுத்து அனுப்பினேன். ஆள் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

சட்டம் அப்படி. மேடைப்பேச்சு வகுப்பை வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் பதினெட்டு வயது தாண்டிய ஐந்து பேர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். பேசுவதற்கு முன்னால் ஐந்து முகத்தையும் வீடியோவில் காட்ட வேண்டும், பேசி முடித்ததும் மறுபடி காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. இது கடைசிப் பேச்சு. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இப்போதே மூன்றரை.

இந்த வகுப்பில் அவள் உட்காரவே வேண்டியதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடப் பட்டத்துக்கு அவள் ஆறு வருடமாகப் படிக்கிறாள். இந்த முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாறைகளின் வகைகளை மனப்பாடம் செய்தாள். பொதுக்கல்விப் பாடம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். கணக்கில் ஒரு தடவை தோற்று மறு தடவை தேறினாள், செத்துப்போன ராஜாக்கள் காலத்து இசையைக் கேட்டு ஐந்து பக்கம் எழுதினாள். பேச்சுக்கு என்று ஒரு வகுப்பு உண்டு. ஆட்களோடு பேசிப் பழகும் கலை என்று அதற்குப் பெயர். ஆலோசகர் சொல்லித்தான் சேர்ந்தாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அப்புறம் அம்மா படுத்த படுக்கையானாள். டார்லா ஒரு வருடம் படிப்பை நிறுத்தினாள். அம்மாவைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வேறொரு ஆலோசகர், சின்னப் பெண், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நடுவுல விட்டுட்டீங்க இல்லையா, இனிமே உங்களுக்குப் புது விதிப்புத்தகம்தான். அதுல அந்த வகுப்பு செல்லாது. மேடைப்பேச்சுதான் எடுக்கணும்."

"ஆளுங்களோட பேசுறது செல்லாதா?"

"கூட்டத்தைப் பார்த்துப் பேசணும்."

அந்தப் பெண்ணின் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அத்தனை கனிவாகச் சொன்னாள்.

பட்டம் வெறும் ஆசை என்றால் தூக்கி எறிந்திருப்பாள். கிழக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை காலியாக இருக்கிறது, மேசை வேலை. இரண்டு வருடப் பட்டம் இல்லாதவர்களைத் தலைமையகம் பார்ப்பதே இல்லை. இதற்கு முன் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த மூன்று பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவள் டார்லாதான். அது போகட்டும். அவள் முதுகெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்துவிட்டது, இனி ஆளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தை மூன்று மாதமாகக் கைப்பையில் ஒளித்து வைத்திருக்கிறாள். நாற்பத்தொன்பது வயதில் அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

டார்லா கதவைத் திறந்து நடைக்கூடத்தை எட்டிப் பார்த்தாள். பராமரிப்பு உதவியாளர் மார்னி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டார்லாவின் வேலை நேரம் முடிந்து, நர்ஸும் மாத்திரை கொடுக்க மேற்குப் பிரிவுக்குப் போயிருந்ததால், இந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"மார்னி, கொஞ்சம் உள்ள வந்து உட்காரு."

"ஹாலைப் பார்த்துக்க யாரு?"

"எட்டு நிமிஷம்தானே. எல்லாரும் தூங்குற நேரம்."

மார்னி வரிசையாக இருந்த கதவுகளைப் பார்த்தாள். பிறகு டார்லாவின் முகத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சிடு, என்ன?" என்று வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினாள்.

ஐந்து முகத்தையும் காட்டி, கைப்பேசியைத் திருப்பி வைத்து, டார்லா பேச ஆரம்பித்தாள். கேட்பவர்களின் மனதை மாற்றும் பேச்சு, தலைப்பு உங்கள் இஷ்டம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தெரிந்ததைத்தானே பேச முடியும்? முதியோர் இல்லத்தில் அழைப்பு மணி அடித்தால் மூன்று நிமிடத்துக்குள் ஓர் ஆள் போய் நிற்க வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும் என்பது அவள் பேச்சு. நன்றாகவே வந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவள் சொன்னபோது, ஜோலீன் நிஜமாகவே தலையாட்டினாள்.

இரண்டாவது நிமிடத்தில் மணி அடித்தது.

திறந்திருந்த கதவு வழியாகப் பதினான்காம் அறை வாசலுக்கு மேல் விளக்கு எரிவது தெரிந்தது. அந்த மணியை அந்த அறைக்குள் போய்த்தான் நிறுத்த முடியும். மார்னி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். டார்லா பேச்சை நிறுத்தவில்லை. கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பார்வை என்ன சொன்னது என்று பிறகு அவளே எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். மார்னி உட்கார்ந்துவிட்டாள். ஜோலீன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். ஆலன் குனிந்து தரையைப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அவங்க கேக்கறது பெரிய விஷயம் இல்லை. நாம வர்றோம்ங்கிற நம்பிக்கைதான்" என்று டார்லா எழுதி வைத்திருந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பேச்சு ஆறு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஆறு நிமிடம் பத்து விநாடியில் முடித்தாள். முகங்களை வரிசையாகக் காட்டினாள். பதிவை நிறுத்தினாள். அதற்குள் மார்னி ஓடிவிட்டிருந்தாள், டார்லா முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பதினான்காம் அறையில் எல்டன் கிராஃப் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை நனைந்து, செருப்பு நனைந்து, சிறுநீர் தரையில் ஓடியிருந்தது. அன்றைய செய்தித்தாளைப் பிரித்துப் போட்டுக் காலால் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். டார்லா சிறுமியாக இருந்தபோது, அவள் வீட்டு முனையில் வண்டியை நிறுத்தி, காலணி மாட்டிக்கொண்டு அவள் ஓடி வரும்வரை காத்திருப்பார். ஒரு நாள்கூட விட்டுவிட்டுப் போனதில்லை.

"பரவால்லம்மா. நீங்க வேலையா இருந்திருப்பீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். மார்னி அலமாரியிலிருந்து வேறு கால்சட்டையை எடுத்தாள். நாலரை மணிக்கு டார்லா வீடியோவை அனுப்பினாள். அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று சொல்வது சுலபம்.

மூன்றாம் நாள் வாத்தியார் குறிப்பு வந்தது. எண்பத்து நான்கு மதிப்பெண், தேர்ச்சி. கருத்தில் அழுத்தம் இருக்கிறது, குரல் தெளிவு. ஆனால் இறுதியில் கேட்பவர்களில் ஒருவர்கூட உங்களைப் பார்க்கவில்லை, எல்லோரும் வாசல் பக்கம் பார்க்கிறார்கள். கவனத்தைக் கட்டிப்போடக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னணியில் ஏதோ மணிச்சத்தம் தொந்தரவு செய்கிறது. அடுத்த முறை அமைதியான இடமாகப் பார்த்துக்கொள்ளவும்.

பொறுப்பாளர் நாற்காலி அவளுக்குத்தான் கிடைத்தது. ஜோலீன் கேக் வாங்கி வந்து வெட்டினாள். மார்னி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, ஹாலுக்கு ஆள் வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

எந்த அறையிலிருந்து எத்தனை அழைப்பு என்று வாராவாரம் பார்ப்பது இப்போது டார்லாவின் வேலை. பட்டியலில் பதினான்காம் அறைக்கு நேரே ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக ஒன்றுகூட இல்லை. அவள் எழுந்து போனாள். எல்டன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அழைப்பு மணிப் பட்டன் ஒயரோடு கட்டிலின் அந்தப் பக்கம், அவருக்கு எட்டாத கம்பியில் ஒழுங்காகச் சுற்றித் தொங்கியது. டார்லா அதை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"எதுன்னாலும் அழுத்துங்க எல்டன். உடனே வருவோம்."

"சரிம்மா" என்றார் அவர். அவள் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். பட்டனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்துக்கொண்டிருந்தார், தவறிக்கூட விரல் அதன் மேல் பட்டுவிடாதபடி.