தட்டை மண்ணுக்கு

பனி காயும் முன்பே களைக்கொத்தோடு தேக்கு வரிசைகளுக்குள் இறங்கிவிடுவோம். மக்காச்சோளத் தோகையின் ஓரம் கையைக் கீறும். அதில் வியர்வை பட்டு எரியும். மரம் வளர்ந்து நிழல் கட்டும்வரை இடையில் நாங்கள் சோளம் போட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு முதலாளியின் தேக்கங்கன்றுகளுக்குக் களையெடுக்க வேண்டும். இதுதான் பேச்சு.

நீ மில் வேலைக்குப் போன அந்த வருடம் சோளம் என் தலைக்கு மேல் நின்றது, அக்கா. இந்த முறை இடுப்பைத் தாண்டவில்லை. அறுவடை முடிந்ததும் கதிர் ஒடித்த சோளத்தட்டை முழுவதையும் முதலாளி லாரியில் ஏற்றி மாட்டுப்பண்ணைக்கு விற்றுவிடுகிறார். மண் வெளுத்துவிட்டது, அள்ளினால் மாவாய் உதிர்கிறது. ஒருநாள் கொத்தும்போது தேக்கின் வேர் சோள வரிசைக்குள்ளேயே ஓடுவதைப் பார்த்தேன். இருக்கிற கொஞ்சத்தையும் இதுவா குடிக்கிறது என்று ஆத்திரம் வந்தது. யாரும் பார்க்காதபோது வெட்டினேன். மூன்று மரங்களுக்கு.

இன்று காலை முதலாளி எங்களைக் கூப்பிட்டார். காய்ந்த மரம் ஒன்றை வேரோடு தோண்டி அவர் காலடியில் போட்டிருந்தார்கள்.

"மக்காச்சோளம் மண்ணத் தின்னுடுச்சு. மரமெல்லாம் காயுது. எல்லாரும் காலி பண்ணுங்க."

அம்மா முந்திக்கொண்டாள். "சோளம் திங்கும்தான். தட்டைய மடக்கி உழுதா பாதியாவது மண்ணுக்குத் திரும்பும். அத லாரி ஏத்துனது யாருங்க?"

"என் நிலத்துல விளைஞ்சது."

"அப்ப மண்ணும் உங்களுதுதானே? அதுக்கு என்ன சோறு போட்டீங்க?"

அவர் குனிந்து வேரில் வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினார். "இது யார் வேலைன்னு காட்டுங்க. அந்தக் குடும்பம் மட்டும் போகட்டும். மத்தவங்க இருக்கலாம்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதுதான் வலித்தது.

அடுத்த வரிசைச் சித்தப்பா, எப்போதும் என்னை வம்புக்கு இழுப்பாரே, அவர் கேட்டார்: "எத்தன மரம்டி?"

"மூணு."

"காஞ்சு நிக்கிறது பாதித் தோட்டம். மிச்சத்துக்கெல்லாம் வேர் தானா கழண்டுச்சா?" பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "எங்க வரிசைல நான் வெட்டினேன்."

கடைசி வரிசை அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும்தான். நான் ஒருத்திதான்னு நெனச்சு செத்துக்கிட்டு இருந்தேன்."

இன்னும் இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். ஒரே பயத்தை ஆளுக்கு ஆள் மறைத்து வைத்திருந்திருக்கிறோம், அக்கா.

"அப்ப எல்லாரும் போங்க" என்றார் முதலாளி.

"அத அப்புறம் பேசலாம்" என்றாள் அம்மா. "தட்டை இனிமே லாரில ஏறாது."

முதலாளி லாரியோடும் ஆட்களோடும் நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னால் கண் மூட முடியவில்லை. அந்த மூன்று மரமும் பிழைக்காது; அது என் கை செய்தது. சாயங்காலம் எல்லோரும் தட்டைக் கட்டுகளை அவிழ்த்து வரிசைகளுக்குள் பரப்பினார்கள். நான் தள்ளியே நின்றேன். சித்தப்பா ஒரு கட்டின் முனையைத் தூக்கிக்கொண்டு, "மகாராணி, அந்தப் பக்கம் புடிக்க ஆள் வேணும்" என்றார். பிடித்தேன்.

வெளிச்சம் வருமுன் லாரிப் பாதையில் வரிசையாக நிற்கப் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயும் வந்து என் பக்கத்தில் நில், அக்கா.