பள்ளத்தில் உட்காராத எலும்பு

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. எவ்வளவு அவசரமென்றாலும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டுவாள். அவள் வண்டியில் ஏறிய கைக்குழந்தை இறங்கும்வரை தூங்கும். அப்படிப்பட்டவள் விழுந்தது ஓடும் வண்டியில் அல்ல, நின்ற வண்டியில். மழை நாளொன்றில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கும்போது வலது பாதம் படியில் மாட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் திரும்பியது. கணுக்காலுக்குள் ஏதோ கிழியும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது.

அக்காவின் கணவர் எலும்பு அறுவை மருத்துவர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா? "மாமா பாத்துப்பாரு, நீ கண்ண மூடிட்டுப் படு" என்றாள் அக்கா. கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அறுந்துவிட்டது, அது ஆறும்வரை இரண்டையும் ஒரு திருகாணியால் பிணைத்து வைக்க வேண்டும் என்று மாமா விளக்கினார். அறுவை முடிந்த மறுநாள் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள்.

"எப்படி இருக்கு மாமா?"

"அருமையா இருக்கு" என்று அவள் தலையைத் தடவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதன்பின் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அக்காதான். குளிப்பாட்டினாள், தலை வாரினாள், கழிவறைவரை தாங்கிக்கொண்டு போனாள். கட்டுப் பிரித்ததும் தினமும் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பாதத்தை மேல்நோக்கி மடக்கி அழுத்துவாள். ஆமை தலையணையைக் கடித்துக்கொண்டு அலறுவாள்.

"பல்லக் கடிச்சுக்கோடி. சோம்பேறித்தனப்பட்டா கால் விறைச்சுப் போயிடும்" என்பாள் அக்கா.

கால் விறைத்துத்தான் போனது. மாதங்கள் ஓடியும் படி இறங்க முடியவில்லை. பணிமனையில் ஓட்டிக் காட்டச் சொன்னபோது பிரேக்கை மிதிக்க முடிந்தது. மிதித்த பாதத்தைச் சட்டென்று தூக்க முடியவில்லை. மேலாளர் சாவியை வாங்கிக்கொண்டு, நிறுவனம் வழக்கமாக அனுப்பும் வேறொரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா இரண்டு கால்களையும் ஸ்கேன் எடுத்துத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இடது கால்ல சின்ன எலும்பு பெரிய எலும்போட பள்ளத்துல கச்சிதமா உக்காந்திருக்கு, பாருங்க. வலது கால்ல முன்னாடி தள்ளி நிக்குது. தள்ளி நின்ன எடத்துலயே ஸ்க்ரூவ போட்டு இறுக்கிட்டாங்க. நிலையில பொருத்தாம கீல் அடிச்ச கதவு மாதிரி."

"நான்தான் பயிற்சிய ஒழுங்கா செய்யலன்னு…"

"யாரு எவ்வளவு அழுத்தினாலும் இது மடங்கியிருக்காதும்மா."

"போட்டவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மருத்துவர் திரையிலிருந்து திரும்பினார். "ஆபரேஷன் மேசையில கண்ணுக்குத் தப்பிடறது உண்டு. எனக்கும் நடந்திருக்கு. ஆனா பிறகு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும். உடனே திறந்து சரி பண்ணிடுவோம். உங்களுக்கு எடுத்தாங்களா?"

எடுத்தார்கள். தலையைத் தடவிய கை இப்போதும் தலையில் இருப்பதுபோல அவளுக்குக் கூசியது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா அப்போதுதான் வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கேனைப் பற்றிக் கேட்டதும் அவர் கை பொத்தானிலேயே நின்றது.

"பாத்தேன்மா" என்றார். "மறுநாளே பாத்தேன். திரும்பத் திறந்திருக்கணும்."

"ஏன் மாமா திறக்கல?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஆமையும் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஒரு தலையணை உறையை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நான்தான் வேணாம்னேன். அவர தலைமை மருத்துவரா ஆக்கப் பேசிட்டிருந்த நேரம். சொந்த மச்சினி காலையே சொதப்பிட்டாருன்னு ஊர் சிரிக்கும். கொஞ்சம்தான நகந்திருக்கு, பழகிடும்னு நெனச்சேன்."

மாமாவின் பயம் அவளுக்குப் புரிந்தது. மன்னிக்காவிட்டாலும், புரிந்தது. அக்காவின் மடிதான் புரியவில்லை.

"என் கால மடியில வச்சு அழுத்தினியே அக்கா. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"கத்தினேனே."

"அழுத்தி அழுத்தியே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்டி. நானும் சமையலறையில போய் அழுதிருக்கேன்."

"சோம்பேறின்னு வேற சொன்ன."

அக்கா அடுத்த துணியைக் கையில் எடுத்தாள். கூடப்பிறந்தவள் குத்தினால் எங்கே குத்தினாள் என்று தேடக்கூட மனம் வராது போலும். ஆமை செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னாலேயே வந்த அக்கா தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

இரண்டாவது அறுவையை அந்த மருத்துவர் அம்மாதான் செய்தார். திருகாணியைக் கழற்றி, இடையில் வளர்ந்திருந்த தழும்பைச் சுரண்டி, எலும்பு பள்ளத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே, இரண்டு எலும்புகளுக்கும் குறுக்கே உறுதியான இழை ஒன்றைக் கோத்து இறுக்கினார். காலம் கடந்ததால் மூட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வலி முழுசாகப் போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆமைக்கு அவரைப் பிடித்துப்போனது. மாமா தன் மருத்துவமனையில் நடந்ததைத் தானே சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா மூன்று முறை அனுப்பிய சாப்பாட்டையும் ஆமை திருப்பி அனுப்பினாள்.

மறுபடி வண்டி எடுத்த சில வாரங்களில், ஒரு நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். இந்தத் தடத்தில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏறியவள் ஓட்டுநர் இருக்கையருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கால் எப்படிடி இருக்கு?"

ஆமை கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தாள்.

"வழியில நிக்காதீங்க" என்றாள். "உள்ள போங்க."

தங்கை பேசத் தொடங்கியதிலிருந்து 'நீ' என்று மட்டுமே கேட்டுப் பழகிய அக்கா, ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.